மொந்தெராவோ கோவிலின் மூச்சு

மொந்தெராவோ மாதா கோவில் 1231ஆம் ஆண்டு அறுவடை முடிந்ததும் மூச்சு விடத் தொடங்கியது. காலையில் சுவர்கள் மெல்ல உப்பும். பொழுது சாய்கையில் அடங்கும். சுண்ணாம்புக் கல்லுக்கு அப்படி ஒரு குணம் உண்டு என்றார்கள் கொத்தனார்கள். தன் வேலையைக் குறை சொல்லிக்கொண்ட கொத்தனாரை எங்கள் மலையில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்த மூச்சால் ஒரு நன்மை இருந்தது. செத்துப் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. அதனால் பெயர் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. எங்கள் பீடத்தில் கிடத்தி, உதட்டில் ஒரு கோழி இறகை வைத்தால், கோவில் மூச்சு விடும்போது குழந்தையும் ஒரு மூச்சு விடும். இறகு அசையும். அதற்குள் சாமியார் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்துவிடுவார். பள்ளத்தாக்கு முழுவதிலுமிருந்து தாய்மார்கள் வந்தார்கள்.

ஒருமுறை ஆயரின் பிரசங்கத்தின்போது கோவில் மூச்சு விட்டதில் காரை பெயர்ந்து அவர் தலையில் விழுந்தது. பிரசங்கம் அங்கேயே முடிந்ததால் அதையும் நாங்கள் மாதாவின் அற்புதங்களில் சேர்த்துக்கொண்டோம். ஆயர் சேர்க்கவில்லை. சுவருக்குச் சுவர் இரும்புக் கம்பி பூட்டச் சொன்னார். கொல்லன் ஓதோரிகோ பூட்டினான். கோவில் மற்ற கோவில்களைப் போல அசையாமல் நின்றது. நாங்கள் கைதட்டினோம், கைதட்டுவதில் எங்கள் ஊர் என்றைக்கும் முந்திக்கொள்ளும்.

அடுத்த பனிக்காலத்தில் ஓதோரிகோவின் மனைவி ரிக்கார்தாவுக்குப் பெண் குழந்தை அசைவில்லாமல் பிறந்தது. பீடத்தில் கிடத்தினார்கள். இறகு அசையவில்லை.

"கோவில் கழுத்த நெரிச்சிட்டு இங்க வந்து நிக்கிறியேடா, மடையா," என்றாள் மருத்துவச்சி ஜிஸா.

ஓதோரிகோ உளியும் சம்மட்டியுமாக ஏணியில் ஏறினான்.

"சுவர் சரிஞ்சிடும்டா!" என்று கத்தினார் வித்தாலே சாமியார்.

"அப்ப வெளிய போய் நில்லுங்க சாமி."

"நான் வெளிய நின்னா தண்ணிய யாரு ஊத்துறது, உங்கப்பனா?"

ரிக்கார்தா பீடத்தை விட்டு நகரவில்லை. "அவளுக்குப் பேரு வேணும்," என்று மட்டும் சொன்னாள்.

கடைசிக் கம்பி அறுந்ததும், அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கோவில் விட்டது. மெழுகுவர்த்திகள் அணைந்தன. வடக்குச் சுவர் வயிறு தள்ளியது, விழவில்லை. இறகு எழுந்தது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்ட சாமியார் பாதித் தண்ணீரைத் தன் அங்கியிலும் மீதியைக் குழந்தை மேலும் ஊற்றி, "சவினா," என்றார். குழந்தை ஒரு மூச்சை இழுத்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்திலேயே, கோவிலின் வடக்குச் சுவரோரம், கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் சவினாவைப் புதைத்தார்கள். சுவரை யாரும் நிமிர்த்தவில்லை. மாவு அரைக்கப் போகும்போதெல்லாம் ரிக்கார்தா அங்கே நின்று, "சவினா, அம்மா இப்ப வந்துடுறேன்டி," என்பாள். சுவர் ஒருமுறை உப்பி அடங்கும். அவள் மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போவாள்.