லேபிள் வெட்டின மாத்திரை

அழுகின மீன் நாற்றத்தோடு ஒரு மனுசன் பக்கத்தில் படுத்தால் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்க வேண்டும். நாற்பது நாள் படுத்திருந்தவள் நான். என் வீட்டுக்காரர் மோகன்ராஜ் ஒரு ஏப்பம் விட்டால் வீடே நாறும். காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று மஞ்சளாக, வழவழவென்று, கட்டைவிரல் நகம் அளவுக்கு மாத்திரை. உள்ளே மீன் எண்ணெய். இதயத்துக்கு நல்லதாம்.

அவருக்கு நெஞ்சு ஒழுங்காக அடிக்காது. நாலு அடி ஓடும், ஒன்று நிற்கும், பிறகு மூன்று சேர்ந்தாற்போல வரும். 2007 ஆனி மாதம் கம்பெனியில் மயங்கி விழுந்த பிறகுதான் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று துடிப்பை நிதானப்படுத்த, இன்னொன்று ரத்தம் கட்டியாகாமல் இருக்க. "இந்த ரெண்டாவத ஒரு நாள்கூட விடக் கூடாதும்மா. கட்டி மூளைக்குப் போயிட்டா கை கால் போயிடும்" என்று என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். இவர் முகத்தைப் பார்த்து அல்ல.

இவர் கட்டிங் மாஸ்டர். துணியை மடிப்பு மடிப்பாக விரித்து மிஷினை ஓட்டி வெட்டுகிற வேலை. கையில் கீறல் விழாத நாள் கிடையாது. முன்னெல்லாம் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார். அந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு சின்னக் கீறலுக்கும் ரத்தம் லேசில் நிற்கவில்லை. ஒரு நாள் வெள்ளைத் துணி அடுக்கின்மேல் சொட்டி, மேலே இருந்த பீஸெல்லாம் வீணாகி, முதலாளி நாலு பேர் முன்னால் பேசிவிட்டார். அன்றிலிருந்து அந்த மாத்திரை இவருக்கு ஜென்மப் பகை.

பிறகென்ன, ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். பெருமாநல்லூரில் வைத்தியம் தெரியாதவர் என்று ஒருத்தராவது உண்டா? பூண்டைப் பாலில் வேகவைக்கச் சொன்னார் ஒருத்தர். ஒரு வாரம் அந்தச் சட்டியைத் தேய்த்து என் கைச்சோறு எனக்கே இறங்கவில்லை. மருதம்பட்டைக் கஷாயம் என்றார் இன்னொருத்தர். குன்னத்தூர் சந்தையில் வாங்கி வந்த பட்டையில் பாதி பூச்சி. அதையும் வடிகட்டிக் குடித்தார். பூசணிக்காய்ச் சாறு, செம்பருத்தி, சளிபோலக் கொழகொழவென்று ஊறின வெந்தயம் எல்லாம் எங்கள் அடுப்படிக்கு வந்து போயின. சொன்னவர்களில் ஒருத்தர்கூட அதைக் குடித்துப் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

இத்தனைக்கும் கோயமுத்தூர் மாத்திரையை அதுவரை முணங்கிக்கொண்டாவது போட்டுக்கொண்டுதான் இருந்தார். அதற்கு வேட்டு வைத்தது லிங்கசாமி.

லிங்கசாமி இவருடைய பழைய சிநேகிதர். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் கழிவு பனியன் வியாபாரம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. வெளிநாட்டு ஆர்டரில் கழிந்த பீஸை இங்கே விற்கும்போது, கம்பெனி பேர் தெரியக் கூடாது என்று கழுத்து லேபிளை வெட்டிவிடுவார்கள். அதனால் லேபிளோடு இருக்கிற பனியனைத்தான் நாங்கள் சந்தேகப்படுவோம். வெட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்போம். கல்யாணம் ஆன நாளாக எங்கள் வீட்டுக் கொடியில் லேபிளோடு ஒரு சட்டை தொங்கினதில்லை.

அந்த ஆள் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, அந்த மீன் எண்ணெய் மாத்திரை நிறைந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அம்மணி, இது அமெரிக்காவுக்குப் போற மாலுங்க. பொட்டி நசுங்கிப்போச்சுன்னு கழிச்சுப் போட்டாங்க. பாருங்க, லேபிள எடுத்திருக்குது. ஒரிஜினலுங்க. இதத் தின்னா ரத்தம் தண்ணியாட்ட ஓடும். அந்த இங்கிலீஷ் மாத்திரையே வேண்டியதில்லீங்க."

நான் பதினாறு வருசமாக பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறவள். எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, தையல் விட்டது எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பேர் இல்லை, தேதி இல்லை, சுரண்டின இடத்தில் பசை பிசுபிசுத்தது. இப்படி ஒரு பீஸ் டேபிளுக்கு வந்தால் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் என் புத்தி சொன்னதென்னவோ, லேபிள் வெட்டியிருக்கிறது, நல்ல மால் என்றுதான். இப்போது நினைத்தால் என்மேலேயே காறித் துப்பலாம்போல வருகிறது.

"அந்த மாத்திரைய நிறுத்திக்கறேன் புள்ள" என்றார் இவர்.

"டாக்டர ஒரு வார்த்த கேட்டுப்போடலாமுங்க."

"கேட்டா வேண்டாம்பாரு. அப்பறம் எதுக்குக் கேக்கறது?"

முதல் வாரம் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்ஷ்டமோ என்னவோ, ஒழுங்காக அடித்தது. நானே டாக்டர் மாத்திரையை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அந்த நாற்றம். பேசினால் நாறும், வேர்த்தால் நாறும், தலையணை உறையைத் துவைத்தாலும் போகாது. சோறு போடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டை வைப்பேன். அவர் பக்கம் முகத்தைத் திருப்பினால் குமட்டும். திருப்புவதையே விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு காலை. எனக்கு கம்பெனி வேன் ஏழே முக்காலுக்கு. அவசரமாக அவருக்குக் கம்பங்கூழைக் கரைத்து வைத்தேன். குடித்தார். வலது கடைவாயில் கூழ் ஒழுகி, தாடையில் இறங்கி, பனியனில் சொட்டியது. ஓரக்கண்ணில் பார்த்தேன். மீன் மாத்திரை குமட்டிக்கொண்டு வருகிறதாக்கும் என்று நினைத்தேன். அருவருப்பாக இருந்தது.

"வாயத் தொடைங்க. கொழந்தையாட்ட."

என்னமோ சொன்னார். வார்த்தை குழறியது. வாய் நிறைய கூழோடு பேசுகிறார் என்று எரிச்சல் வந்தது.

"அந்த எளவத் தின்னா இப்படித்தான் கொமட்டும்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பை மாட்டினேன். கேட்டைச் சாத்தும்போது பின்னால் கூழ்க் கிண்ணம் விழுகிற சத்தம் கேட்டது. கோபத்தில் தள்ளிவிட்டார் என்று நினைத்து வேனில் ஏறிவிட்டேன்.

பத்து மணிக்கு சூப்பர்வைசர் ரூமுக்கு போன் வந்தது. பக்கத்து வீட்டு மூக்கம்மாள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியிருப்பவள்.

"யக்கா, வெரசா வாங்க. ஒங்க வீட்டுக்காரரு கீழ கெடக்காக. கூழுலயே கெடக்காக. கை வெளங்கல."

கோயமுத்தூர் போய்ச் சேரும்போது பன்னிரண்டாகப் போகிறது. அதே டாக்டர். முதலில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"வாய் கோணுனது எத்தன மணிக்கும்மா?"

நான் மணி சுத்தமாகப் பார்க்கிறவள். வேனுக்குப் போகிறவளுக்கு நிமிசம் தெரியாதா?

"ஏழரைங்க."

"அப்பவே யாரும் பாக்கலியா?"

"நான் பார்த்தேனுங்க."

கையிலிருந்த பேனாவை மூடினார். கட்டியைக் கரைக்கிற ஊசி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் ஆகும் என்றார். அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பத்து நாள் கழித்து லிங்கசாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். இவருக்கு வலது கை, வலது கால் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மருந்தெல்லாம் மறுபடியும் ஆரம்பித்திருந்தார்கள். லிங்கசாமிக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் பொய் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் குமட்டியது. மூக்கைச் சிந்திவிட்டு, அதே கையால் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"வாதத்துக்கு நல்ல லேகியமுங்க, அம்மணி. இதுல லேபிள் இருக்குதுங்க, பாருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து இவருடைய இடது கை நீண்டது. நல்ல கை. டப்பாவை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். விரல் விரலாகப் பிரித்துத்தான் பிடுங்க வேண்டியிருந்தது. பிடுங்கி லிங்கசாமி கையிலேயே திணித்தேன்.

"நீங்க போங்க. இனி வராதீங்க."

அவர் போனதும் டாக்டர் மாத்திரையை நுணுக்கி, கஞ்சியில் குழைத்து, கரண்டியில் எடுத்து இவர் வாயில் வைத்தேன். துப்பினார். என் கன்னத்திலும் கழுத்திலும் எச்சிலும் கஞ்சியுமாக வழிந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு, நர்ஸிடம் கேட்டு இன்னொரு மாத்திரை வாங்கி நுணுக்கினேன். கரண்டியைக் கொண்டு போனேன். என்னைப் பார்க்கவே பிடிக்காதவராக, உதட்டை இறுக்கிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு நான் திருப்பிக்கொண்டேனே, அப்படியே.

கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றேன்.