தலைவிக்குக் கிடைக்காத டானிக்

எங்கள் முதலாளி ஹோபார்ட்டுக்கு இன்று நாற்பது மருந்துக்கடைகள். எல்லாம் உழைப்பால் வந்தது என்று பத்திரிகைக்காரர்களிடம் அளப்பார். உழைப்பாம், உழைப்பு! இரண்டாவது கடை எப்படி நிலைத்தது என்பது அங்கே மருந்தோடு சோடாவும் ஐஸ்கிரீமும் விற்ற மேடையில் சோடா கலக்கிய எனக்கல்லவா தெரியும்.

அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊரான பியோரியாவில் விஸ்கி வேண்டுமென்றால் டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குத்தான் வர வேண்டும். ஊரில் பாதிப் பேருக்குத் திடீரென்று நெஞ்சுச் சளி. எங்கள் வியாபாரத்தில் பாதி அந்தச் சளிதான்.

அப்போதுதான் ஹோபார்ட் வீட்டை அடகு வைத்து, மூலைக் கட்டடத்தில் இரண்டாவது கடை போடக் கிளம்பினார். கட்டடம் அகஸ்டா கிரெல் அம்மாளுடையது. அவர் மதுவிலக்குப் பெண்கள் சங்கத்தின் தலைவி.

"உங்க எந்தக் கடையிலயும் ஒரு சொட்டு சாராயம் விக்கக் கூடாது, மிஸ்டர் ஹோபார்ட். டாக்டர் சீட்டு இருந்தாலும் கூடாது. அப்படி எழுதிக் குடுத்தா கட்டடம் உங்களுக்கு."

"தாராளமா எழுதிக்குங்க மேடம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார் மனுஷன்.

அம்மாள் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "தலையில மண்ண வாரிப் போட்டுக்கிட்டீங்களே முதலாளி! மூணு மாசம் தாங்குமா கடை?"

"கடை ரெண்டு மாசம்தான் தாங்கும். அந்த ஒப்பந்தம் அதுவரைக்கும் தாங்காது. நீ வாய மூடிட்டு ஐஸ்கிரீமப் போடு."

கடை திறந்த அன்றே கிரெல் அம்மாள் தன் நரம்பு டானிக்குக்காக வந்தார். இருபது வருடமாக வாரம் ஒரு பாட்டில். ஊரில் அது எங்களிடம் மட்டும்தான் கிடைக்கும்.

"மன்னிக்கணும் மேடம், தர முடியாது" என்றார் முதலாளி.

"ஏன், தீந்துடுச்சா?"

"நாலு பெட்டி இருக்கு. ஆனா நம்ம ஒப்பந்தம் இடிக்குதே. லேபிள்ல பொடி எழுத்தக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க."

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நூற்றுக்கு இருபது பங்கு சாராயம்.

"கூட்டத்துல பேசறதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்பூன் சாப்பிடுவேனே..."

"அதான் அவ்வளவு நல்லா பேசறீங்க" என்றார் அந்தக் கிராதகர்.

நான் திரும்பி நின்று சிரித்தேன். அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மெல்ல மடித்ததைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. பாட்டிலை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார்.

வியாழக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு ஒப்பந்தத்தோடு வரும்படி ஆள் வந்தது. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தம்மா டானிக்கையே விட்டுட்டா நம்ம கதி என்னடா? துணைக்கு நீயும் வா."

போனோம். முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காலி டானிக் பாட்டிலை உயர்த்திப் பிடித்து, பொடி எழுத்தை உரக்கப் படித்தார் கிரெல் அம்மாள்.

"இருபது வருஷமா நான் குடிச்சிருக்கேன். தெரியாமத்தான், ஆனாலும் குடிச்சிருக்கேன். இந்த நாற்காலிக்கு எனக்குத் தகுதியில்ல. இந்த பாட்டில் யார் வீட்டுல இல்லையோ, அவங்க வந்து உக்காருங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களில் யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்?

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி கையுறையைச் சரிசெய்தாள். பாதிரியாரின் மனைவி விட்டத்தைப் பார்த்தாள்.

கிரெல் அம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்தார். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"அதக் கொண்டாங்க, மிஸ்டர் ஹோபார்ட். சாராயம் விக்கக் கூடாதுங்கற வரிய அடிச்சுடறேன். சிரிச்சீங்கன்னா வாடகை ரெண்டு மடங்கு."