பச்சை மாறாத ரவிக்கை

ஏலக்காயைப் பச்சை மாறாமல் காய வைப்பதில் லிங்கேஸ்வரனை மிஞ்ச போடிமெட்டு வட்டாரத்தில் ஆளில்லை. ஊர் இதைச் சொன்னதில்லை, அவனே சொல்லிக்கொள்வான். எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் அவன் பொறுப்பு. சூட்டைக் கன்னத்தில் வாங்கியே அளவு சொல்லிவிடுவான். வீட்டில் சோறு வைத்தால் மட்டும் அடிப்பிடிக்கும். அது வேறு இலாகா.

அவன் மனைவி சுகன்யா ஆரி வேலை படித்து, முதன்முதலாக ஒரு கல்யாண ரவிக்கை முடித்திருந்தாள். கிளிப்பச்சைப் பட்டு. கைகளில் நூலால் பூக்கொடி. முதுகு நிறையத் தோகை விரித்த மயில். தோகைக் கண்களுக்குப் பசை வைத்து ஒட்டிய கற்கள். நாளைக்குப் போடியில் கல்யாணம். மண்டபத்தில் நாலு பெண்கள் அந்த முதுகைப் பார்த்து "யாரு போட்டது?" என்று கேட்டுவிட்டால் போதும். எஸ்டேட்டில் ஏலக்காய் பறிக்கக் குனிந்தே கிடந்த தன் இடுப்பு கொஞ்சம் நிமிர்ந்துவிடும் என்று நம்பியிருந்தாள்.

படம் வரைந்திருந்த வெள்ளைத் தடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக் கொடியில் மாட்டினாள்.

"மாமா, இது மெதுவாத்தான் காயும். தொட்றாதீக. பொண்ணு வீட்டு ஜீப்பு வர்றதுக்குள்ள குளிச்சிட்டு வந்துர்றேன்."

தொடாதே என்றால் சும்மா இருக்கிற கையா அவனுக்கு? தொட்டான். ஈரம். வெளியே எதிர்மலையே தெரியாத மழை. கரண்டும் இல்லை. சூட்டில் பச்சை வெளுத்துவிடும் என்றுதான் பயப்படுகிறாள் போல என்று அவனாகவே முடிவு செய்தான். பச்சையா? அது நம்ம சோலியாச்சே! ரவிக்கையைக் கொண்டுபோய் விறகுச் சூட்டில் ஓடும் ஸ்டோரில், ஏலக்காய்த் தட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டான்.

எடுத்தபோது நன்றாகக் காய்ந்திருந்தது. பச்சை இம்மியும் மாறவில்லை. பெருமையோடு திருப்பினான். பசை இளகி, மயிலின் கண்களெல்லாம் இடுப்புப் பக்கம் வழுக்கி இறங்கியிருந்தன. இறங்கிய வழியெங்கும் பழுப்புக் கோடு.

ஈரத்தலையோடு வந்த சுகன்யா பார்த்தாள். நகத்தால் ஒரு கோட்டைச் சுரண்டினாள். பட்டு நூல்தான் எழும்பி வந்தது.

"திட்டிரு புள்ள."

அவள் எழும்பிய நூலை விரலால் அமுக்கிவிட்டாள்.

"கீழ ஓடிப்போயிப் பசை வாங்கியாரவா?"

"கறை மேல எதை ஒட்டுறது மாமா?"

ஜீப்பு வந்து நின்றது. மணப்பெண் கார்த்திகாவும் அவள் அம்மா அன்னக்கொடியும் இறங்கினார்கள். ரவிக்கையைப் பார்த்ததும் கார்த்திகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்னக்கொடி அதை மோந்து பார்த்தாள்.

"ஏன் மாப்ளே, ஏலக்கா பத்தலைன்னு மயிலையும் சேத்து வறுத்துப்புட்டீகளா?"

லிங்கேஸ்வரன் சூடு பார்க்கிற கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

சுகன்யாதான் பேசினாள். "அழுகாத கார்த்திகா. முந்தானைக்கு மடிப்பு வேணாம். இந்தா, இப்படி விரிச்சு, முதுகோட வலது தோள் வரைக்கும் கொண்டாந்து பின்னு குத்திரு." தன் சேலையிலேயே செய்து காட்டினாள். "கையில உள்ள பூ வேலை மட்டும் தெரியும். முதுகு யாருக்கும் தெரியாது."

"நழுவுனா அக்கா?"

"நழுவ விட்றாத."

மழைக்குப் பயந்து ஜீப்பு வெரசாகக் கிளம்பிப் போனது. லிங்கேஸ்வரன் வாசலிலேயே நின்றான்.

"நாளைக்கு நீ போக வேணாம் புள்ள. நான் மட்டும் போயி மொய் வச்சிட்டு வந்துர்றேன்."

சுகன்யா தன் முந்தானையை இன்னும் மடிக்காமலே நின்றாள்.

"நான் போகணும் மாமா. பின்னு கழண்டா, யாரும் பாக்குறதுக்கு முந்தி ஓடிப்போயிக் குத்திவிடணும்ல?"