கல்தட்டியின் பேருக்கு ஒரு குரல்

“அது என் பேரு இல்லைங்களே, கங்காணி.”

“கொரல் குடுத்தது நீதானே?”

“நாக்கைச் சொடுக்கினேன். அவ்வளவுதாங்க.”

“அதுதான் கொரல். காட்டுக்கு ஏறு.”

கங்காணி வீராசாமி குடையை மடக்கினார். மழை விடவில்லை. அவர் தலைக்கு மேல் மட்டும் விட்டிருந்தது.

இப்படித்தான் நான் தவளையானேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் பெரட்டு நடக்கும். கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அந்தப் பேருக்கு உரியவர் ‘இருக்கேன்’ என்பார். சொல்லாதவர் அன்றைக்கு இல்லை. பக்கத்து வீட்டு ருக்குமணிக்குக் காய்ச்சல் வந்தால் நான் சொல்லிவிடுவேன். எனக்கு வந்தால் அவள் சொல்வாள். கங்காணிக்கும் தெரியும். கூப்பிட்ட பேருக்கு ஏதோ ஒரு குரல் வந்தால் அவருக்குப் போதும்.

பிறகு தோட்டத்தை நடத்தும் துரை ஓர் உத்தரவு போட்டார். இந்த மலையில் வசிக்கும் எல்லாரையும் பெரட்டில் கூப்பிட வேண்டும். உச்சிக்காட்டில் கல்தட்டித் தவளை வசித்தது. இந்தத் தீவில் வேறெங்கும் அது இல்லை. இங்கேயும் ஒரு ஜோடிதான் மிச்சம்.

கங்காணி ஆண் தவளையைக் கூப்பிட்டார். பனிக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கற்கள் மோதுவதுபோல ‘டக்’ என்று வந்தது. பெண் தவளையைக் கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தோம். கூப்பிட்ட பேர் அப்படியே அந்தரத்தில் நின்றால் எங்களால் தாங்க முடியாது. என் நாக்கு தானாகச் சொடுக்கியது.

மறுநாள் தவமணி என்ற என் பேரைக் கூப்பிடவில்லை. ஒரு வாய்க்கு ஒரு பேர்தான் என்றார் கங்காணி.

வேலை கடினமில்லை. ஆண் தவளை கத்தும்போதெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அது நிறுத்திவிடும். அது நிறுத்தினால் காடு இங்கே இருக்கக் காரணம் இல்லை. துரையின் ஆட்கள் தேயிலைக் கன்றுகளோடு காத்திருந்தார்கள்.

ஆனால் அது ஓயாமல் கத்தியது. நான் தூங்கவே இல்லை.

முதலில் காட்டுக்கு ஏறிப் போக வேண்டியிருந்தது. பிறகு காடே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. ஒரு நாள் எங்கள் வரிசை வீடுகளின், அந்த லயத்தின், பின்சுவரில் சாய்ந்து நின்றது. அடுத்த நாள் என் வீட்டுக்குள் இருந்தது. பானையில் பாசி பிடித்தது. படுக்கிற இடத்தில் மர வேர்கள் படுத்திருந்தன. லயமும் நீண்டுகொண்டே போயிற்று. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ருக்குமணியிடம் உப்பு வாங்கப் போனால், திரும்பி வருவதற்குள் உலை ஆறிவிடும்.

“ஒரு நாளைக்கு மட்டும் எனக்குப் பதிலா சொடுக்குடி,” என்று அவளிடம் கேட்டேன்.

“அய்யோ, நா மாட்டேன். ஒன்னயப் பாத்த பொறகு யாரு பேருக்கும் கொரல் குடுக்கறதில்லன்னு இருக்கேன். எம் பேருக்கே பயந்து பயந்துதான் சொல்றேன்.”

“ஒனக்குக் காய்ச்சல்னா நான் சொல்லலியா?”

“சொன்ன. அப்ப நீ மனுசி.”

உப்பைக் கொடுத்துக் கதவைச் சாத்தினாள்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் என் மகள் போனில் கூப்பிட்டாள். “அம்மா, நீங்களா?” என்றாள். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ‘டக்’ என்றது. “லைன் சரியில்ல” என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

கங்காணி பார்வையிட வந்தார்.

“முட்டை போட்டியா?”

“இல்லைங்க.”

“கல்தட்டி மண்ணுல குழி பறிச்சு முட்டை போடும். தலைப்பிரட்டை கெடையாது. முட்டைக்குள்ளேருந்து காலும் கையுமா நேரா வந்துரும். ஒனக்குத் தெரியாதா?”

“பறிக்கிறேங்க.”

அடுப்புக்குப் பக்கத்தில் குழி பறித்தேன். மண் ஈரமாக, இதமாக இருந்தது. அதில் சுருண்டு படுத்தேன். கங்காணி எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

கண்ணை மூடினேன். ‘டக்’ என்றது. ‘டக்’ என்றேன்.

ஆண் தவளை தேநீர்க் கேத்தல் மூடியில் உட்கார்ந்திருந்தது. என் நகம் அளவுதான் இருக்கும். முதல் தடவையாக அதை அருகில் பார்த்தேன். அதன் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது.

“கொஞ்சம் நிறுத்தக் கூடாதா?” என்றேன்.

“நீ நிறுத்து. நானும் நிறுத்துறேன்.”

“நீதானே மொதல்ல கத்துற?”

“நீ பதில் சொல்றியே தங்கச்சி. சும்மா இருந்தா மரியாதையா?”

குரல் கேட்ட குரலாக இருந்தது. “நீ யாரு?” என்றேன்.

“கீழ் டிவிசன் சண்முகவேலு. பேக்டரியில கொழுந்து வாட்டுற வேலை.”

“தவளை இல்லியா?”

“அன்னைக்கித் தவளையக் கூப்பிட்டாங்க. யாரும் பேசல. மனசு கேக்கல. தொண்டையக் கனைச்சேன்.”

“அப்ப நெசத் தவளை?”

“அது எப்பவோ போயிருச்சு. போனதுதான் யாருக்கும் தெரியாது. நாமதான் கொரல் குடுத்துக்கிட்டு இருக்கோமே.”

கூரையிலிருந்து இலைகள் சொட்டின. நல்ல காடு. இல்லாத ஒன்றுக்காக நின்றுகொண்டிருந்தது.

“நாளைக்கி நா எம் பேருக்குச் சொல்லப் போறேன்,” என்றார் சண்முகவேலு. “காலு மரத்துப் போச்சு தங்கச்சி.”

மறுநாள் பெரட்டில் கங்காணி ஆண் தவளையைக் கூப்பிட்டார். பனி அசையவில்லை. பெண் தவளையைக் கூப்பிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன். நாக்கு உள்ளே துடித்தது. வாயைக் கையால் பொத்திப் பிடித்தேன். யாரும் சொடுக்கவில்லை.

பனி விலகியது. எங்களுக்குப் பின்னால் மலை உச்சிவரை காடே இல்லாமல் வெறுமையாக இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கன்றுக் கூடைகள் ஏறத் தொடங்கின.

“சண்முகவேலு!”

“இருக்கேன்!” என்றார் ஒருவர். முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“தவமணி!”

எத்தனை நாளாகக் காத்திருந்த பேர். வாயைத் திறந்தேன். ‘டக்’ என்று வந்தது.

கங்காணி நிமிர்ந்தார். “அந்தப் பேரு முடிஞ்சிருச்சு. இது வேற பேரு. தவமணி!”

மறுபடியும் ‘டக்’. மற்றச் சொற்கள் எல்லாம் இருந்தன. மண், உப்பு, கேத்தல், கொழும்பு. ‘இருக்கேன்’ என்ற அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கங்காணி இன்னும் ஒரு தடவைதான் கூப்பிடுவார். அவர் மூச்சை இழுப்பது கேட்டது.

பக்கத்தில் ருக்குமணி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தி நின்றாள். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“ருக்கு, எம் பேருக்கு ஒரு கொரல் குடுடி.”