நின்றுகொண்டே சாப்பிட்ட தாய்

1

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகிற பஸ், ஒரு தலைவரின் பிரசார வண்டிகளுக்காகக் காவிரிப் பாலத்தில் நாற்பது நிமிஷம் நின்றது. ஒலிபெருக்கி ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னது. பக்கத்து இருக்கைப் பெண் அதைக் கேட்டு அழுதாள். கட்சிப் பாசம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"அந்த வரி நான் எழுதினது" என்றாள்.

நானும் எழுதுகிறவள்தான் என்றேன். அப்புறம் என் வாய் சும்மா இருக்குமா? கேட்டேன். சொன்னாள்.

2

முதல் தொடக்கம்: காவிரியில் புதுத்தண்ணீர் நுரைத்து ஓடிய ஒரு மாலையில் ஜாஹ்னவி—

(வேண்டாம். திருச்சிக் கதை என்றால் உடனே காவிரியைக் கூப்பிட வேண்டுமா? அது பாட்டுக்குப் போகட்டும்.)

இரண்டாவது: சொற்களை விற்றுப் பிழைப்பவர்களின் துயரம் என்னவென்றால்—

(இது மேடைப் பேச்சு. அவளே இதைக் கோடிட்டு அடித்துவிடுவாள்.)

நேராகவே சொல்கிறேன். பஸ்ஸில் அழுத ஜாஹ்னவிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஸ்ரீரங்கத்தில் அம்மா செண்பகவல்லியோடு இருந்தாள். பூவரசன் என்கிற தலைவருக்கு ஏழு வருஷமாகப் பேச்சு எழுதிக் கொடுத்தாள். அது வெளியே தெரியக் கூடாது என்பது ஒப்பந்தம்.

தேர்தல் சமயம். மாலையில் மன்னார்புரத்தில் கூட்டம். மத்தியானம் பூவரசன் போனில் கூப்பிட்டார்.

"இன்னிக்கு அம்மாவைப் பத்தி ஏதாவது வேணும்மா."

"உங்க அம்மாவைப் பத்திச் சொல்லுங்கோ, எழுதறேன்."

"என்னத்தச் சொல்ல? எனக்கு மூணு வயசுல போயிட்டாங்க. முகமே ஞாபகம் இல்ல. பாப்பாயின்னு பேரு. அவ்வளவுதான் தெரியும்."

(இவரை வில்லனாக்கத்தான் உட்கார்ந்தேன். விரலுக்கொரு மோதிரம்கூட மாட்டியிருந்தேன். இந்த இடம் வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன்.)

மூன்று மணி நேரம் இருந்தது. ஜாஹ்னவி தன் அம்மாவை எழுதினாள். அப்பா போன பிறகு செண்பகவல்லி மகளுக்குப் பரிமாறிவிட்டு, அடுப்படியில் நின்றபடி பாத்திரத்திலிருந்தே சாப்பிடுவாள். தட்டு போட்டு உட்கார்ந்தால், மீதி எவ்வளவு என்று குழந்தை பார்த்துவிடுமே. வசதி வந்த பிறகும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

"நின்றுகொண்டே சாப்பிட்ட தாயின் மகன், உங்களை உட்காரவைத்துச் சோறு போடுவான்."

மேடையில் பூவரசன் நிஜமாகவே அழுதார். மறுநாள் பேனர், ஆட்டோ, சுவர் எங்கும் அதே வரி. பேனரில் பாப்பாயிக்கு ஒரு முகமும் வரைந்துவிட்டார்கள்.

3

கூட்டத்தை அம்மா டிவியில் பார்த்தாள். பக்கத்தில் ஜாஹ்னவியும் இருந்தாள்.

"பாவம்டி. அவரோட அம்மாவும் என்னை மாதிரியே இருந்திருக்கா" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."



எட்டு மாதத்தில் செண்பகவல்லி போய்விட்டாள். பதிமூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து உறவெல்லாம் உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசினார்கள். ஜாஹ்னவியும் ஆரம்பித்தாள்.

"எனக்குப் பரிமாறிட்டு அம்மா அடுப்படில நின்னுண்டே..."

சித்தப்பா மகன் லக்ஷ்மிகாந்த் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஜானு, அது பூவரசன் மேடைல சொன்னதாச்சே. துக்கத்துல உனக்குக் குழம்பறது. கொஞ்ச நாழி படுத்துக்கோ."

எல்லோரும் அவளைப் பரிவோடு பார்த்தார்கள். அது தன் அம்மாதான் என்று சொல்ல அவளிடம் சாட்சி இல்லை. இருந்த ஒரு சாட்சியும் போய்ச் சேர்ந்துவிட்டது. எழுதும்போது எனக்கே மனசு ஆறவில்லை.

அதோடு வேலையை விட்டாள். வரி மட்டும் அடுத்த தேர்தலுக்கும் வந்தது. பாலத்தில் கேட்டது அதுதான்.

4

முடிவு ஒன்று: அது தன் கதைதான் என்று அம்மாவுக்குத் தெரியாது. யாரோ ஒரு பாப்பாயிக்காக இரக்கப்பட்டபடியே போய்விட்டாள்.

முடிவு இரண்டு: தெரியும். மகளின் பிழைப்பு கெடக் கூடாதென்று தன்னையே அடுத்தவளைப் போலப் பேசி—

எதை வைப்பது என்று யோசித்தேன். பஸ் கிளம்பியதும் ஜாஹ்னவி சொன்னது இது. டிவியில் அந்தப் பேச்சு வந்த மறுநாள் மத்தியானம், அம்மா ஒரு தட்டை எடுத்துவந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். அதற்கப்புறம் கடைசிவரை அப்படித்தான். ஏன் என்று இவள் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

"இத மட்டுமாவது எழுதிடாதீங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

எழுதிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

* பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. அந்தத் தலைவருக்காவது தன் அம்மாவின் பெயர் தெரிந்திருந்தது. பஸ்ஸில் அழுதவளின் அம்மாவுக்கு என்ன பெயர் என்று நான் கேட்கவே இல்லை.