செயபாத்தாவின் மூச்சு

"ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் இன்னும்!" என்று நர்ஸ் கத்தினாள். செயபாத்தா குழாயைக் கவ்விக்கொண்டு ஊதினார். கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் திரண்டது. மூச்சை அளக்கும் பெட்டியின் திரையில் கோடு கொஞ்சம் எழுந்து, மேடேற முடியாத கிழக் கழுதையைப் போலச் சரிந்தது. அவர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினார். மனைவி மாபுலெங் பின்னால் நின்று, நழுவிய கம்பளியை அவர் தோளில் ஏற்றிவிட்டாள். அந்த அறையில் அவர் நெஞ்சு போடும் விசில் மட்டும் கேட்டது. வீட்டிலும் அதே விசில்தான். பல வருடங்களாக அதைக் கேட்டுக்கொண்டேதான் அவள் தூங்குகிறாள், மாவு பிசைகிறாள், சண்டை போடுகிறாள்.

தலைநகர் மசேருவில் இருந்த அந்த மருத்துவமனைக்கு அவர்கள் வருவது முதல் முறையல்ல. வாலிபம் முழுவதையும் எல்லைக்கு அப்பால், ஜோகன்னஸ்பர்க் பக்கத்துத் தங்கச் சுரங்கங்களில் பாறை துளைத்துக் கழித்தவர் செயபாத்தா. தூசி நெஞ்சில் தங்கி நுரையீரல் இறுகிப் போனவர்களுக்கு உதவித்தொகை உண்டு. அதற்குத் தகுதி இருக்கிறதா என்று ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் ஒரு குழு முடிவு செய்யும். ஒவ்வொரு முறையும் படம் எடுத்து, ஊதச் சொல்லி, சளி வாங்கி அனுப்புவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வரும். தகுதி இல்லை.

டாக்டரம்மா இளவயதுக்காரி. இந்த முறை பதில் சொல்லும் பாரத்தை முன்கூட்டியே தன் தலையில் போட்டுக்கொண்டவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"நெஞ்சு கெட்டுப்போச்சுங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்லய்யா. ஆனா படத்துல தெரியறது பழைய காசநோய்த் தழும்பா, சுரங்கத் தூசியான்னு அவங்க கேக்கறாங்க. வெளிய இருந்து பாத்து அடிச்சுச் சொல்ல முடியல."

"உள்ள வந்து பாக்கச் சொல்லுங்க. கதவு தொறந்துதானே கெடக்கு" என்றார் செயபாத்தா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "அப்படிப் பாக்கறதுக்கும் சட்டத்துல வழி இருக்கு. ஒருத்தர் எறந்த பெறகு, குடும்பம் சம்மதிச்சா, நுரையீரல எடுத்து அங்க அனுப்பலாம். வெட்டிப் பாத்தா தூசி தூசின்னே தெரிஞ்சுடும். உங்களுக்கு வராத பணம் உங்க வீட்டம்மாவுக்கு வரும்."

வேனில் ஊர் திரும்பும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தார். சிரிப்பு இருமலில் முடியும். இருமல் ஓய்ந்ததும் மறுபடி சிரிப்பார். மாபுலெங்குக்கு அந்தச் சிரிப்புதான் பயத்தைக் கொடுத்தது.

அன்றே தம்பி தெபெலோவிடம் அதைச் சொல்லிவிட்டார். தெபெலோ பக்கத்து வளவில் இருப்பவன், ஆடு வைத்திருப்பவன், எதற்கும் சட்டென்று கோபம் வருபவன்.

"என்னண்ணே பேசற? பாதி மனுசனாப் போயி முன்னோர் முன்னாடி நிப்பியா? மூச்சே இல்லாம உன் பேரையாவது எப்படிச் சொல்லுவ?"

"இப்ப மட்டும் இருக்காக்கும் மூச்சு? அந்தத் தூசி சுரங்கக்காரனுதுடா. அவன் ஊட்டுச் சாமான அவன்கிட்டயே அனுப்பிடறேன். வேணும்னா எண்ணிப் பாத்துக்கட்டும்." பிறகு அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "புலெங்கம்மா, நீ அனுப்பிடு."

அடுப்பில் கீரை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கிளறுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

குளிர் தொடங்கியதுமே அவர் போய்விட்டார். மாவட்ட ஆஸ்பத்திரியில், காலை வெயில் படுக்கை வரைக்கும் வந்திருந்த நேரத்தில். விசில் மெலிந்து மெலிந்து, அது நின்றுவிட்டதா, தன் காதுதான் அடைத்துக்கொண்டதா என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் வந்து, நுரையீரலை அனுப்பச் சம்மதமா என்று மரியாதையாகக் கேட்டார். சுவரோரம் நின்றிருந்த தெபெலோ தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றான். மாபுலெங் அவனைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள், உடலைக் கொண்டுபோக வந்தபோது அவள் அதைப் பார்த்தாள். மூடி போட்ட வெள்ளை பிளாஸ்டிக் வாளி. மேலே ஒட்டிய தாளில் அவர் பெயர். ஓட்டுநர் அதைக் காரின் முன் இருக்கையில் வைத்து, கவிழ்ந்துவிடாமல் இருக்க இடுப்புப் பட்டையை இழுத்து மாட்டினார். கார் கிளம்பி வடக்கே திரும்பியது. அவர் வாலிபத்தில் சுரங்கத்துக்கு ஆள் பிடித்துப் போன பஸ்ஸும் இந்தச் சாலையில்தான் போகும். அப்போதும் இதே மாதிரி நின்று கை காட்டியிருக்கிறாள். கை தானாக உயர்ந்ததை உணர்ந்து பாதியில் இறக்கிக்கொண்டாள்.

மாடு அறுத்து, ஊரைக் கூட்டி, விடியலில் அடக்கம் செய்தார்கள். சவப்பெட்டியைத் தூக்கியவர்களுக்கு விஷயம் தெரியாது. இருந்தும் அவர்களில் ஒருவன், "பெரிய ஆளாச்சே, என்ன இப்படி லேசா இருக்கார்" என்றான். தெபெலோ மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவன், அதன்பிறகு அண்ணியோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

மாபுலெங் கறுப்புத் துணி உடுத்திக்கொண்டு தனியாக இருந்தாள். மகள் புலெங் மசேருவில் தையல் ஆலையில் வேலை பார்க்கிறாள், மாதக் கடைசியில் வருவாள். செத்தவர்கள் வீட்டைச் சுற்றி வருவார்கள் என்று எங்கள் மலையில் எல்லோரும் சொல்வதுதான். அவள் அதற்குத் தயாராகவே இருந்தாள். ஆனால் வீட்டில் ஒன்றுமே இல்லை. பாத்திரம் உருளவில்லை, கனவு வரவில்லை. கல்லறைக்குப் போய் நின்று பேசினாலும் மூடிய கடைவாசலில் நிற்கிறாற்போலத்தான் இருந்தது. அவர் இங்கே இல்லை என்று அவளுக்கு மெல்ல உறைத்தது. அவர் வேறெங்கோ இருந்தார்.

மறுவருடக் குளிரில், ஒரு மத்தியானம், மாவு சலித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தென்னாப்பிரிக்க எண். மாவுக் கையோடு எடுத்து, "யாருங்க?" என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெரிய அறையின் வெறுமை கேட்டது. பிறகு, தூரத்திலிருந்து கிட்டே வருவதுபோல, மெல்லிய விசில். இழுத்து, நின்று, அடியில் சின்னதாக ஒரு கரகரப்பு, மறுபடி இழுத்து. எந்த இடத்தில் தடுக்கும், எந்த இடத்தில் ஏறும் என்று அவளுக்குத் தெரியும். தடுக்க வேண்டிய இடத்தில் தடுத்தது. அவள் தரையில் உட்கார்ந்து, அது நிற்கும்வரை கேட்டாள். போனைக் கீழே வைத்தபோதுதான் தன் மூச்சும் அதே தாளத்தில் போய்க்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

சில நாள் கழித்து மறுபடி அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இந்த முறை ஒரு பெண் பேசினாள். அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், நம் மொழிக்காரி.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் விசயமா. குழு பாத்துட்டாங்க. ரெண்டு பக்கமும் தூசிதான், கடைசிக் கட்டம். தகுதி உண்டுன்னு எழுதிட்டாங்க. பணம் உங்க பேருக்கு வரும்."

"நீதான் அன்னிக்கும் கூப்பிட்டியா கண்ணு?"

"இல்லம்மா, இப்பத்தான் முதல் தடவ கூப்பிடறேன். இந்த போன் என் மேசைலதான் இருக்கு, வேற யாரும் தொட மாட்டாங்க."

மாபுலெங் போனை மறு காதுக்கு மாற்றினாள். "சரி. பாத்தாச்சுல்ல. அத எப்பத் திருப்பிக் குடுப்பீங்க?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அம்மா... பாத்து முடிச்சா எல்லாத்தையும் சேத்து எரிச்சிடுவாங்க. அதான் வழக்கம். உங்ககிட்ட யாரும் சொல்லலியா?"

அன்று சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் தெபெலோ வந்து வாசலில் நின்றான். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முறை. கையில் முள்மரக் கிளை ஒன்று, பச்சையாக, அப்போதுதான் வெட்டியது. வீடு திரும்பாமல் வேறிடத்தில் தங்கிவிட்ட செத்தவர்களைக் கூட்டிவர எடுத்துப்போகும் கிளை அது.

"கெளம்புங்கண்ணி. அழச்சிட்டு வந்துடலாம்."

"உனக்கு யார் சொன்னது தம்பி?"

அவன் தன் போனை எடுத்து நீட்டினான். அதே எண். "ஆடு ஓட்டிக்கிட்டு இருந்தப்ப அடிச்சுது. பேசவே இல்ல. எனக்கு மட்டும் தெரியாதா அந்தச் சத்தம்?" என்றான்.

ஜோகன்னஸ்பர்க் போய்ச் சேர்ந்தார்கள். குழு இருந்த இடம் ஒரு செங்கல் கட்டிடம், உயரமான சுவர். பயணம் கிளம்பிவிட்டால் கிளையைச் சுமப்பவன் இறந்துபோனவரோடு மட்டும்தான் பேச வேண்டும், வேறு ஆளிடம் வாய் திறக்கக் கூடாது. அதனால் காவலாளியிடம் மாபுலெங்தான் பேசினாள். அவர் வயதானவர். கிளையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"பின்பக்கமாப் போங்கம்மா. புகைபோக்கி இருக்கற பக்கம். வர்றவங்க எல்லாரும் அங்க நின்னுதான் கூப்பிடறாங்க."

"நெறய பேர் வர்றாங்களா?"

"கூட்டிப்போக ஆள் வராம இங்கயே கெடக்கறவங்கதாம்மா நெறய. மத்தியானத்துல இந்தச் சுவர்கிட்ட உக்கார முடியாது எனக்கு, ஒரே மூச்சுச் சத்தம்."

சுவரடியில் காற்றே இல்லை. ஆனாலும் அங்கே காய்ந்து கிடந்த புல் அசைந்துகொண்டிருந்தது. தெபெலோ கிளையைத் தரையில் ஊன்றினான்.

"அண்ணே. நான்தான், தெபெலோ. புலெங்கம்மாவும் வந்திருக்கா. உன் சாமான அவன் பாத்துட்டான், ஒத்துக்கிட்டான். இனி இங்க என்ன வேல? வா, போலாம்."

நெடு நேரம் நின்றார்கள். பிறகு தெபெலோவின் கை தணிந்தது. கிளை கனக்கிறதுபோல அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான்.

வேனில் மூன்று பேருக்கு இடம் வாங்கினாள் மாபுலெங். ஓட்டுநர் கிளையைப் பார்த்தார், மூன்று பேருக்கும் பணம் வாங்கிக்கொண்டார். ஜன்னலோர இருக்கையில் கிளையைச் சாய்த்து வைத்தார்கள். வழியில் ஆள் நிறைந்தபோது ஒருவன் அங்கே உட்கார வந்தான். "அவர் உக்காந்திருக்கார்" என்றார் ஓட்டுநர். அவன் பின்னால் போய்விட்டான். ஒவ்வொரு ஊருக்கும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் தெபெலோ குனிந்து சொல்லிக்கொண்டே வந்தான். "சமவெளி தாண்டியாச்சுண்ணே." "மழ வர்ற மாதிரி இருக்கு." எல்லையில் இறங்கி, முத்திரை வாங்கி, மறுபடி ஏறினார்கள். "மொஹோகாரே ஆத்தக் கடக்கறோம்ணே. நம்ம மண்ணு."

பாலம் தாண்டியதும் மலைக்குளிர் உள்ளே புகுந்தது. எல்லோரும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேச்சை நிறுத்தினார்கள். முன்னால் யாரோ ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்ததால் கண்ணாடிகள் எல்லாம் தெளிவாக இருந்தன, வெளியே சோளத்தட்டைக் காடுகள் ஓடின. காலி இருக்கையின் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும், ஒரு மனிதன் தலை சாய்க்கும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பனி படர்ந்தது. பிறகு சுருங்கியது. மறுபடி படர்ந்தது. மாபுலெங் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது இளைக்கவில்லை, தடுக்கவில்லை. மலைப்பாதை நெடுக, அவசரமே இல்லாமல், விரிந்து சுருங்கி விரிந்துகொண்டிருந்தது.