இடவலமாக ஒரு தலையாட்டல்

மகள் பிறந்த வருடமே கொத்து வேலைக்கு ஜெர்மனி போன பிளாமென், இப்போதுதான் பல்கேரியாவுக்கு வந்திருந்தான். ரலிட்சா பள்ளிக்கூடம் போகும் பெண்ணாகியிருந்தாள்; அவனிடம் வாயே திறக்கவில்லை. இன்று காலை கேட்டேவிட்டான்.

"அப்பா இங்கயே இருந்துடட்டுமாம்மா?"

அவள் தரையைப் பார்த்தபடி தலையை இடவலமாக ஆட்டினாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஜெர்மனி பஸ் எல்லையைத் தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. பக்கத்து இருக்கைக் கிழவியிடம், "திரையை இழுத்து விடட்டுமா?" என்றான்.

அவளும் இடவலமாக ஆட்டினாள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"இழுன்னுதானே தலையாட்டினேன்?" என்றாள் கிழவி. "இப்படி ஆட்டினா நம்மூர்ல ஆமான்னு அர்த்தம். அதையும் ஜெர்மன்காரனுக்கு வித்துட்டியாப்பா?"

பிளாமென் தன் தலையை மெல்ல இடவலமாக ஆட்டிப் பார்த்தான், ரலிட்சா ஆட்டியதுபோலவே.